‘வாரேன்’ என்பதன் எதிர்ச்சொல்

பேச்சு மொழிச் சிகிச்சையில் முதுகலை படிக்க நான் இங்கிலாந்துக்குச் சென்றது எண்பதுகளின் தொடக்கத்தில். எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போவில் காது கேளாத குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்தேன். பிறகு பயிற்சி பெற்று, மருத்துவமனையில் பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களோடு உட்காரும் வேலைக்கு வந்தேன். உட்காருவது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி காத்திருப்பது.

பல்கலைக்கழக விடுதியில் அறைக்குள் தீ கூடாது என்பது விதி. ஆகவே அந்தி வேளையில் சன்னலோரம் நின்று, நெற்றியில் நீறு பூசி, விளக்கில்லாமலே ஒரு பதிகத்தை வாய்க்குள் ஓதி முடிப்பேன். வெளியே பிற்பகலிலேயே இருட்டியிருக்கும். ஓதும்போதெல்லாம் அண்ணனின் குரல்தான் என் காதில் முன்னே போகும். சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், முருகன் கோயில் சன்னிதியில், அண்ணனும் நானும் ஒரே நாளில் ஓதத் தொடங்கியவர்கள். எனக்குச் சொல் தங்கியது. அவருக்குப் பண் தங்கியது. நான் படிப்பைத் தேடிப் போனேன். அவர் அதே தோட்டத்தில் பால் மரம் சீவி, வெள்ளிக்கிழமைதோறும் அதே சன்னிதியில் பாடிக்கொண்டிருந்தார்.

வாரந்தோறும் எங்களுக்குப் புதிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொடுத்து விவாதிக்கச் சொல்வார்கள். பல நோயாளிகளைச் சேர்த்துச் சராசரி பார்ப்பதே ஆய்வு என்போர் ஒரு பக்கம். ஒரே ஒரு மனிதரை ஆழ்ந்து பார்த்தால்தான் மொழி எங்கே முறிந்தது என்று தெரியும் என்போர் மறுபக்கம். ஒரு வாரம், எல்லாச் சொற்களும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சிப்போகும் நோயாளிகளைப் பற்றிய விவாதம் வந்தது. பசித்தாலும் அந்தச் சொல், வலித்தாலும் அந்தச் சொல். மூளையில் அடி விழுந்த கணத்தில் நாவின் நுனியில் நின்ற சொல்லே அப்படி உறைந்துவிடுகிறது என்று பழைய மருத்துவர்கள் நம்பினார்களாம். புதிய ஆய்வாளர்கள் அதற்குச் சான்றில்லை என்றார்கள். நான் புதியவர்கள் பக்கம் நின்று பேசினேன். அது கேட்க நன்றாயிருக்கும் கதை, அறிவியலாகாது என்று சொன்னது நினைவிருக்கிறது. பேராசிரியை தலையசைத்தார்.

அதன்பின் சில வாரங்களில் விடுதிக் காப்பாளரின் அறைக்கு எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. அண்ணன் மகன் பேசினான். அவன் அழுதது பாதி, கம்பி இரைச்சல் பாதி. “அப்பா விழுந்துட்டாருங்க அத்தை” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

விடுப்பெடுத்து ஊருக்கு வந்தேன். பத்து காஜா மருத்துவமனையில் அண்ணன் வலக்கை மடங்கிக் கிடந்தார். என்னைக் கண்டதும் கண்கள் நிறைந்தன. வாய் திறந்தது.

“வாரேன்,” என்றார்.

போகிறவர் சொல்லும் சொல்லை, வந்து நிற்கிறவளைப் பார்த்துச் சொன்னார். சொன்னதுமே அது தான் சொல்ல வந்ததில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இடக்கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். மறுபடி முயன்றார். “வாரேன். வாரேன்!”

அண்ணி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். “வெள்ளிக்கிழமைம்மா. கோயிலுக்குப் போகக் குளிச்சு வேட்டி மாத்திக்கிட்டு நின்னாங்க. செருப்ப மாட்டிக்கிட்டே ‘வாரேன்’னாங்க. நான் அடுப்பாண்ட நின்னுக்கிட்டு ‘சரி’ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. சத்தம் கேட்டு ஓடியாந்தா, செருப்பு ஒண்ணு கால்ல, ஒண்ணு வெளிய. அதுலேருந்து இந்த ஒரு வார்த்தைதான்.”

வகுப்பில் நான் கதை என்று தள்ளியது இப்போது அண்ணியின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு மனிதருக்கு அப்படி நேர்ந்தது என்பதால் பழைய கொள்கை உண்மையாகிவிடாது. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்த வராந்தாவில் எனக்கு அறிவியல் துணை நிற்கவில்லை. முருகா என்றுதான் சுவரில் சாய்ந்தேன்.

பேராசிரியைக்கு எழுதினேன். என் ஆய்வுக்கான நோயாளி அண்ணனாகவே இருக்கட்டும் என்று அவர் ஒப்புக்கொண்டார். சொந்த இரத்தத்தை ஆராய்வதில் உள்ள ஆபத்தையும் எழுதியிருந்தார். விடுப்பு முடியும்வரை சில மாதங்கள் எனக்கு இருந்தன. அதற்குள் அண்ணன் வாயில் இரண்டாவதாக ஒரு சொல் வர வேண்டும். பட்டத்துக்கு அது போதும். வீட்டில் நாங்கள் கேட்டதும் அதற்கு மேல் இல்லை.

தோட்டத்தை அப்போது துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை விட்டு, ஈப்போவின் புந்தோங்கில் மகனின் வாடகை வீட்டுக்கு அண்ணனைக் கொண்டு வந்தோம். பேருந்தும் மோட்டார் சைக்கிளும் ஓயாத தெரு. முன் அறையில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைப்போம். முதலில் வந்தவர் அண்ணனின் பழைய கூட்டாளி. சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம். என்னைத் தங்கச்சி என்றுதான் அழைப்பார்.

“என்ன மச்சான், சுகமா?”

“வாரேன்.”

“வாரேன் வாரேன்னு எத்தன நாளா சொல்ற? கடப்பக்கம் ஆளையே காணோம். ஒனக்கு ஊத்துன தே ஆறிப் போச்சுலா!”

அண்ணன் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஒரு பக்க உதடு மட்டும் மேலேறியது. பிறகு சிரிப்பிலேயே கண்ணீர் வந்தது. கூட்டாளி தோள் துண்டால் அதைத் துடைத்துவிட்டு, “தாப்பாலா மச்சான், பரவால்ல. நீ மெதுவா வா,” என்றார்.

ஒரே சொல்லில் அண்ணன் எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனித்தேன். கேள்வியானால் குரல் ஏறியது. கோபமானால் இறுகியது. பேரப்பிள்ளையைக் கூப்பிடும்போது குழைந்தது. கேட்பது எல்லாம் அவருக்குப் புரிந்தது. சொல்ல நினைத்ததும் உள்ளே முழுதாக இருந்தது. வாசல் மட்டும் ஒன்றுதான். எது வெளியே வந்தாலும் அதே உருவில்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணி விளக்கேற்றினார். நான் ஓதத் தொடங்கினேன். இரண்டாம் அடியில் அண்ணன் சேர்ந்துகொண்டார். பண் ஓர் இழையும் பிசகவில்லை. ஏறும் இடத்தில் ஏறி, நிற்கும் இடத்தில் நின்று, அந்தப் பழைய குரல் அறையை நிறைத்தது. ஆனால் சொற்கள் எல்லாம் போய், பதிகம் முழுவதும் வாரேன், வாரேன், வாரேன் என்றே ஓடியது. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அண்ணி கைகூப்பிக் கண்களை மூடியிருந்தார். “குணமாயிட்டு வருதுலா, பாட்டெல்லாம் வருதே,” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பாட்டு மூளையின் மறுபக்கத்தைச் சார்ந்தது, பாடுவதால் பேச்சு திரும்பும் என்று கொள்ள முடியாது என்று நான் படித்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று அவர் முறையிட்டது யாரிடம் என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நான் அறிந்த பாடல்களில் அடியவன் ஆண்டவனை வா என்றுதான் அழைப்பான்.

சிகிச்சையைத் தொடங்கினேன். தண்ணி, வலி, வேணாம். இந்த மூன்றும் வந்தால் ஒரு மனிதன் மானத்தோடு இருக்கலாம் என்பது என் கணக்கு. படத்தைக் காட்டுவேன். முதல் ஒலியை நானே எடுத்துக் கொடுப்பேன். அவர் என் வாயைப் பார்ப்பார். நெற்றி வியர்க்கும். “வாரேன்.” உடனே தலையைப் பலமாக ஆட்டி அதை மறுப்பார். தொடையில் அடித்துக்கொள்வார்.

“தண்ணி கொண்டா, தண்ணி கொண்டான்னு என்னய என்னா அதிகாரம் பண்ணுன வாய்! இப்ப ஒரு தடவ சொல்லுங்களேன், ஆத்தையே கொண்டாந்து ஊத்துறேன்,” என்பார் அண்ணி, சமையலறை வாசலில் நின்று.

“வாரேன்,” என்பார் அண்ணன், முறைத்து.

“ஆமா, வாங்க. இங்கதான நிக்கிறேன்.”

பேராசிரியையிடமிருந்து ஒரு யோசனை வந்தது. அந்நாளில் புதிதாகப் பேசப்பட்ட முறை அது. புதுச் சொல்லைத் திணிக்க வேண்டாம். நோயாளியிடம் தானாக வரும் சொல்லையே எடுத்து, அதை அவர் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வர வேண்டும். முதலில் வேண்டாத இடத்தில் அதை அடக்கப் பழக்க வேண்டும். பிறகு அதற்கு நேரெதிரான சொல்லைப் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு நாக்கு மேலே ஏறும். ‘வருகிறேன்’ என்பதே அவரது சொல் என்றால் உங்கள் பாதை தெளிவாகவே இருக்கிறதே என்று எழுதியிருந்தார்.

நான் அண்ணியிடம் விளக்கினேன். வாரேன் என்பதற்கு எதிர்ச்சொல் எது என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“அந்த வார்த்தைய அவுங்க வாயால சொல்ல வைக்கப் போறியா?”

“சிகிச்சைக்குத்தான் அண்ணி.”

“சீக்குல கெடக்குற மனுசன், என் வீட்டுல உக்காந்து, ‘போறேன்’னு சொல்லிப் பழகணுமா? வெள்ளக்காரிக்குத் தெரியாது. ஒனக்குமா தெரியாது?”

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கடைக்குப் போகிறவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லிப் படியிறங்கியதில்லை. அதை நான் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். பேராசிரியைக்குக் காரணத்தை ஒரு பக்கம் எழுதினேன். அவர் மதித்து விடை எழுதினார். முழுதும் விளங்கியிருக்காது.

முறையின் முதல் பாதியை மட்டும் செய்தேன். படத்தைக் காட்டி, சொல் வருமுன் விரலை உதட்டில் வைத்து அவரை நிறுத்துவேன். நாள்போக்கில் அண்ணன் அதைக் கற்றுக்கொண்டார். தவறான இடத்தில் வாரேன் என்று எழும்பும்போதே வாயை இறுக மூடி அதை விழுங்கிவிடுவார். ஆய்வின்படி அது பெரிய முன்னேற்றம். தானாக ஓடியதை அவர் இப்போது அணைகட்டி நிறுத்துகிறார். ஆனால் வீட்டில் ஓசை குறைந்துபோனது. பேரப்பிள்ளையைக் கூப்பிடக்கூட வாய் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் ஓத, அவர் உதட்டை மூடியபடி பண்ணின் ஓசையை மட்டும் மூக்கால் முனகினார்.

“இருந்த ஒரு வார்த்தையும் போச்சேம்மா,” என்றார் அண்ணி. குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

இனி அந்த வெற்றிடத்தில் ஒரு புதிய சொல் முளைக்கும் என்று நான் விளக்கினேன். முளைக்கவில்லை. தண்ணிக்குப் பழையபடி செம்பைத்தான் சுட்டினார். விடுப்பு முடிந்தது.

நான் புறப்பட்ட அன்று காலையில் கூட்டாளி தம் காரைக் கொண்டு வந்திருந்தார். பெட்டியை ஏற்றியாகிவிட்டது. அண்ணன் நாற்காலியில் இருந்தார். அண்ணி எனக்குப் பின்னால், கதவுப் பக்கம் நின்றார். நான் குனிந்து அண்ணன் காலைத் தொட்டு நிமிர்ந்து, “வாரேன்ணே,” என்றேன்.

அதற்கு ஒரே விடைதான் உண்டு. ‘போயிட்டு வா’. பிறந்ததிலிருந்து அவர் எனக்குச் சொன்னது. அவர் உதடுகள் குவிந்தன. என் பழக்கம் காரணமாக நான் அந்த உதடுகளை மட்டுமே பார்த்தேன். வாரேன் என்பதற்கு உதடு அப்படிக் குவியாது. புதிய சொல்! தாடை நடுங்கியது. பழைய சொல் எழும்பியதையும் அவர் அதை விழுங்கியதையும் தொண்டையில் கண்டேன். மறுபடி குவிந்தன.

“போ…” என்றார்.

“போ…றேன்.”

தெருவில் ஒரு பேருந்து போனது. பிறகு அண்ணி ஓடி வந்து தம் கையால் அவர் வாயைப் பொத்தினார். “வேணாங்க. அப்படிச் சொல்லாதீங்க. வாரேன்னு சொல்லுங்க. ஒங்க பழைய வார்த்தையவே சொல்லுங்க!” அண்ணன் அந்தக் கைக்குப் பின்னாலிருந்து ஒன்றும் சொல்லவில்லை.

காரில் வெகுதூரம் போன பிறகு கூட்டாளி சொன்னார். “அவன் ஒன்னயத்தான் போயிட்டு வான்னு சொல்ல வந்தான், தங்கச்சி. பாதி வெளிய வந்துச்சு, பாதி உள்ள நின்னுருச்சு. மனசப் போட்டு ஒழப்பாத.”

ஊரில் மழைக்காலம் தொடங்கியபோது மூளையில் இரண்டாவது அடி விழுந்து அண்ணன் காலமானார். நான் இங்கிலாந்தில் இருந்தேன். சன்னலோரம் நின்று முழுப் பதிகத்தையும் உரக்க ஓதினேன். பக்கத்து அறைப் பெண் சுவரைத் தட்டினாள்.

பிறகு ஆய்வேட்டை எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லை அட்டவணையின் எந்தப் பத்தியில் வைப்பது என்பதில் எல்லாம் நின்றது. எங்கள் பேச்சில் ‘ற’வும் ‘ர’வும் காதுக்கு ஒன்றே. எழுத்தில்தான் இரண்டு. வல்லின றகரம் போட்டால் அது போறேன்: யாரும் கற்றுத்தராமல், தன் உறைந்த சொல்லை அடக்கி, அதன் எதிர்ச்சொல்லைத் தானே தேடி, தன்மை விகுதியோடு ஒரு மனிதர் கட்டிய வினைமுற்று. என் சிகிச்சைக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இடையின ரகரம் போட்டால் அது சொல்லே இல்லை: போயிட்டு வா என்று தொடங்கி, பழைய வாரேனின் வால் வந்து ஒட்டிக்கொண்ட பிழை. கூட்டாளி சொன்னதற்கு ஆய்வு மொழியில் அதுதான் பெயர். அப்படியானால் இரண்டாவது சொல் வரவேயில்லை. அப்படியானால் அண்ணன் விடைபெறவும் இல்லை.

பல நாள் இரண்டையும் எழுதி எழுதிப் பார்த்தேன். முடிவில் றகரத்தையே போட்டேன். பட்டத்துக்காக என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் நெற்றி வியர்க்க அவர் உழைத்து எடுத்த ஒரே சொல்லைப் பிழைகளின் பத்தியில் எழுத என் கை வரவில்லை. வாய்மொழித் தேர்வில், இது தற்செயலான கலப்பாக இருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இருக்கலாம் என்றேன். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்றார்கள். சரியான சொல் என்று கருதுகிறேன் என்றேன். பட்டம் கிடைத்தது.

ஊர் திரும்பிப் புந்தோங் வீட்டுக்குப் போனேன். நாற்காலி அங்கேயே இருந்தது. அதில் துவைத்த துணிகளை மடித்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணி கேட்டார்.

“நீ படிச்சவ. சொல்லு. அவுங்க அன்னைக்கிச் சொன்னது தப்பா வந்ததுதானே?”

“ஆமா அண்ணி,” என்றேன். “போயிட்டு வான்னு எனக்குச் சொல்ல வந்தாரு. பழைய வார்த்த குறுக்க வந்து ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான்.”

அவர் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். “அப்படித்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.” மேசையில் சிந்திய தண்ணீரை உள்ளங்கையால் வழித்தார். “ஆனா அவுங்க ஒன்னயப் பாக்கலேம்மா. என்னயப் பாத்துல்ல சொன்னாங்க.”

நான் உதடுகளை மட்டுமே பார்த்திருந்தேன். கண்கள் எங்கே இருந்தன என்பது என் ஆய்வேட்டில் எங்கும் இல்லை.

அந்தி சாய்ந்தது. அண்ணி விளக்கேற்ற, நான் ஓதினேன். பண் என்னிடம் சரியாக நிற்கவில்லை, என்றும் நின்றதில்லை. புறப்படும் நேரம் வந்ததும் வாசலில் செருப்பைத் தேடினேன்.

“வாரேன் அண்ணி,” என்றேன்.

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி அதை அப்படியே விட்டுவிட்டு வாசல்வரை வந்தார். நான் இரண்டு செருப்பையும் மாட்டி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்து நின்றார். அதன் பிறகுதான் ‘சரி’ என்றார்.